டீக்கடை ரேஸர்!

உங்க வீட்டு மாட்டுக்கொட்டகை மூலையில சாக்கு போர்த்தின பழைய பைக் ஒண்ணு நிக்குதா? எட்டு உதை உதைச்சா ஒன்பதாவது உதையில இருமிக்கிட்டே ஸ்டார்ட் ஆகுமா? அதைப் பார்க்கும்போதெல்லாம் ‘இதை மட்டும் கொஞ்சம் ஆல்டர் பண்ணி...’ன்னு மனசுக்குள்ள ஒரு படம் ஓடுதா? அப்படின்னா வாங்க பாஸ், நாம ஒரே ஜாதி!

எங்க வீட்டுல நிக்கிறது 2000 மாடல் சுஸுகி மேக்ஸ் 100. டிஎன் 29 நம்பர். பென்னாகரம் பக்கம் இந்த வண்டிக்கு ஒரு தனி மரியாதை உண்டு. ரெண்டு பால் கேன், ஒரு புண்ணாக்கு மூட்டை, பின்சீட்டுல அம்மா, டேங்க் மேல நான்... இத்தனையும் ஏத்திக்கிட்டு அப்பா முக்கி முனகி மேடு ஏறின வண்டி. நான் இன்ஜினீயரிங் சேர்ந்த பிறகு அதுக்கு ஓய்வு. போன வருஷ லீவுல ஒரு நாள் சாக்கை விலக்கிப் பார்த்தேன். தூசிக்குள்ள எனக்குத் தெரிஞ்சது பால்கார வண்டி இல்லை, ஒரு கஃபே ரேஸர்!

கஃபே ரேஸர்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு ஒரு நிமிஷம். தாழ்ந்த ஹேண்டில்பார், நீளமான டேங்க், ஒத்தை சீட்டு, சீட்டுக்குப் பின்னாடி ஒட்டகத் திமில் மாதிரி ஒரு மேடு, பின்னால தள்ளி வெச்ச ஃபுட்ரெஸ்ட். தேவையில்லாதது எதுவும் இருக்காது. பக்கத்துல இருந்து பார்த்தா டேங்கின் அடிக்கோடும் சீட்டும் ஒரே நேர்கோட்டுல ஓடணும். நின்னுக்கிட்டு இருக்கும்போதே ஓடுற மாதிரி தெரியணும். அவ்வளவுதான் இலக்கணம்!

இதுக்குப் பிறந்த ஊர் லண்டன். அங்க நார்த் சர்குலர் ரோடு ஓரமா 1938-ல் ஏஸ் கஃபேன்னு ஒரு கடை திறந்தாங்க. கஃபேன்னதும் ஏசி, மெழுகுவர்த்தின்னு கற்பனை பண்ணாதீங்க. லாரி டிரைவருங்க ராத்திரி வண்டியை ஓரங்கட்டி டீ குடிக்கிற இடம். நம்ம பைபாஸ் டீக்கடைதான். ரெண்டாம் உலகப்போர்ல குண்டு விழுந்து போச்சு, 1949-ல் திரும்பக் கட்டினாங்க. போர் முடிஞ்சு, கையில சம்பளக் காசு புழங்க ஆரம்பிச்ச பசங்க ராத்திரியானா பைக்கோட அங்க வந்து குவிஞ்சாங்க. காரணம், ஜூக்பாக்ஸ். வானொலியில அபூர்வமா கேட்ட ராக் அண்ட் ரோல் பாட்டு, அதுல காசு போட்டா உடனே கேட்கும்.

அங்கதான் அந்தக் கதையும் பிறந்துச்சு. ஜூக்பாக்ஸ்ல காசைப் போட்டுட்டு ஓடிப்போய் பைக்கை எடுக்கணும். குறிப்பிட்ட ரவுண்டானா வரைக்கும் போய், பாட்டு முடியறதுக்குள்ள திரும்பி வரணும். எல்லா ராத்திரியும் இது நடந்துச்சோ இல்லையோ, கதை மட்டும் உலகம் பூரா பரவிடுச்சு. அவங்களோட இன்னொரு வெறி, மணிக்கு நூறு மைல். நம்ம கணக்குல 161 கிலோமீட்டர். அதைத் தொட்டவனுக்கு ‘டன் அப் பாய்’னு பட்டம். ‘கஃபே ரேஸர்’ங்கறதே முதல்ல கிண்டல் வார்த்தைதான். நிஜ ரேஸ்ல ஓட்டத் துப்பில்லை, டீக்கடைக்கு டீக்கடை ரேஸ் விடுறான் பாருன்னு அர்த்தம். பசங்க என்ன பண்ணாங்க தெரியுமா? அந்தக் கிண்டலையே எடுத்துச் சட்டையில மாட்டிக்கிட்டாங்க. (நம்ம ஊர்ல ‘வெட்டி ஆபீஸர்’னு சொன்னா ‘ஆமாணா’ன்னு சிரிக்கிறோமே, அந்த மாதிரி!) ஏஸ் கஃபே 1969-ல் மூடினது, 2001-ல் அதே இடத்துல திரும்பத் திறந்திருக்கு.

சரி, அந்த வடிவம் எங்கிருந்து வந்துச்சு? அழகுக்காக யாரும் வரையலை. ரேஸ் மைதானத்துல ஓடின வண்டியைப் பார்த்துக் காப்பியடிச்சதுதான். ஹேண்டில்பார் தாழ்ந்தா ஓட்டுறவன் டேங்க் மேல படுத்துக்கலாம், காத்து மோதுற பரப்பு குறையும். ஃபுட்ரெஸ்ட் பின்னால ஏறினா, வளைவுல சாய்ச்சு ஓட்டும்போது தரையில உரசாது. திமில் எதுக்கு? ஆக்ஸிலேட்டரை முறுக்கும்போது ஆள் பின்னால வழுக்கிப் போயிடாம பிடிச்சுக்க! இதுல உச்சகட்ட ஒட்டு வேலைன்னா ‘டிரைட்டன்’. டிரையம்ஃப் இன்ஜினை எடுத்து, நார்ட்டன் கம்பெனியோட ‘ஃபெதர்பெட்’ சேஸிஸ்ல உக்கார வெச்சாங்க. இன்ஜின் அவங்களோடது நல்லாயிருக்கு, சேஸிஸ் இவங்களோடது நல்லாயிருக்கு, சேர்த்துடுவோம்... பேரையும் சேர்த்துடுவோம். எந்தக் கம்பெனியும் விக்காத வண்டி, பசங்க வீட்டு ஷெட்டுல பிறந்துச்சு.

‘லண்டன் கதை நமக்கெதுக்குப்பா’ன்னு கேட்கிறீங்களா? இருங்க, சென்னைக்கு வர்றேன்.

இங்கிலாந்துல ராயல் என்ஃபீல்டு கம்பெனி 1964 நவம்பர்ல ‘கான்டினென்டல் ஜிடி’ன்னு ஒரு 250 சிசி வண்டியை விட்டுச்சு. பசங்க ஷெட்டுல பண்ணிக்கிட்டு இருந்ததை ஃபேக்டரியிலேயே பண்ணிக் கொடுத்தா என்னன்னு யோசிச்சதோட பலன் அது. தாழ்ந்த ஹேண்டில், சிவப்பு டேங்க், அஞ்சு கியர். எனக்கு இதுல பிடிச்ச விஷயம் வேற. அந்த வண்டிக்கான யோசனையைக் கொடுத்தவங்கள்ல அந்த ஃபேக்டரியில வேலை கத்துக்கிட்டு இருந்த அப்ரென்டிஸ் பசங்களும் உண்டு. நம்ம வயசுப் பசங்க!

அதே கம்பெனியோட கூட்டு சேர்ந்து 1955-ல் ஆரம்பிச்சதுதான் திருவொற்றியூர் என்ஃபீல்டு இந்தியா. நம்ம ராணுவத்துக்கு புல்லட் வேணும்னு ஆர்டர் போக, அதைச் செய்யத் தொடங்கின இடம். அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. 1970-ல் இங்கிலாந்துல கம்பெனி மூடியாச்சு. திருவொற்றியூர்ல மட்டும் புல்லட் ‘டப்... டப்... டப்...’னு ஓடிக்கிட்டே இருந்துச்சு. 2013-ல் அதே ‘கான்டினென்டல் ஜிடி’ பேரைத் தூசி தட்டி, 535 சிசி இன்ஜின் போட்டு கஃபே ரேஸரா விட்டாங்க. அறிமுகம் லண்டன்ல, செஞ்சது தமிழ்நாட்டுல! சேஸிஸ் வடிவமைப்பு இங்கிலாந்தோட ஹாரிஸ் பெர்ஃபார்மன்ஸ். அந்தக் கம்பெனியையே 2015-ல் ராயல் என்ஃபீல்டு விலைக்கு வாங்கிடுச்சு. 2018-ல் ரெட்டை சிலிண்டர் போட்ட கான்டினென்டல் ஜிடி 650 வந்துச்சு. 648 சிசி, 47 குதிரைத்திறன். லண்டன் பசங்க கனவு கண்ட நூறு மைல் வேகம், அறுபது வருஷத்துக்கு அப்புறம் காஞ்சிபுரம் மாவட்டத்து ஃபேக்டரியில இருந்து பெட்டியில அடைச்சுப் போகுது.

இன்னும் பக்கத்துல வரணுமா? ஓசூருக்கு வாங்க. டிவிஎஸ் 50 மொபெட் 1980-ல் வந்தது அங்கிருந்துதான். சுஸுகியோட கூட்டு சேர்ந்து 1984-ல் 100 சிசி பைக் விட்டதும் அங்கிருந்துதான். அந்தக் கூட்டு 2001-ல் பிரிஞ்சுது. கிருஷ்ணகிரி தனி மாவட்டமா ஆனது 2004 பிப்ரவரியில. அதாவது 2000-ல் எங்க மேக்ஸ் 100 பிறந்தப்ப ஓசூர், தர்மபுரி மாவட்டம்! எங்க வண்டி சொந்த மாவட்டத்துல பிறந்து, சொந்த மாவட்டத்துலயே வாழ்க்கைப்பட்ட வண்டிங்க. இதை அப்பாகிட்ட சொன்னப்ப, ‘அதுக்கு என்ன இப்போ’ன்னு கேட்டார். அப்பாக்களுக்கு வரலாறு புரியாது.

இப்போ பட்டறைக்குப் போவோம். பென்னாகரத்துல எங்க வீட்டு வண்டிகளைப் பரம்பரையா பார்க்கிற மெக்கானிக் அண்ணன் ஒருத்தர் இருக்கார். டூ ஸ்ட்ரோக் வண்டின்னா சத்தத்தைக் கேட்டே நோய் சொல்லுவார். செல்போன்ல இருந்த கஃபே ரேஸர் படத்தைக் காட்டி, ‘ணா, நம்ம மேக்ஸை இப்படிப் பண்ணணும்’னேன். படத்தைப் பெரிசாக்கி ரொம்ப நேரம் பார்த்தார்.

‘‘நல்லாத்தான் இருக்குது. எங்க அறுக்கணும்?’’

அங்க ஆரம்பிச்ச பாடம், மூணு செமஸ்டர்ல கிடைக்காதது. உங்களுக்கும் சொல்றேன், கேட்டுக்கங்க.

முதல்ல சைலன்ஸர். பைக் வெச்சிருக்கிற பத்துப் பேர்ல ஒன்பது பேர் நம்புற ஒரு பொய் இருக்கு. சைலன்ஸரை வெட்டிட்டா வண்டி பறக்கும்! டூ ஸ்ட்ரோக் வண்டியில இது அப்படியே தலைகீழ். ஏன்னு பாருங்க. இந்த மாதிரி டூ ஸ்ட்ரோக் இன்ஜின்ல புகை போற வழிக்குத் திறந்து மூடுற வால்வு கிடையாது. புகை வெளியே போற நேரத்துலயே புதுப் பெட்ரோல் கலவையும் உள்ளே வருது. கொஞ்சம் அசந்தா புதுக் கலவையும் புகையோட சேர்ந்து வெளியே ஓடிடும். இதைத் தடுக்கிறது சைலன்ஸரோட வயிறு. குழாய்க்குள்ள ஓடுற அழுத்த அலை, விரியற பகுதிக்கு வந்ததும் ஒரு உறிஞ்சு அலையைத் திருப்பி அனுப்பும். மிச்சப் புகை சுத்தமா வெளியேறும். அப்புறம் சுருங்குற பகுதியில மோதி, ஒரு தள்ளு அலை திரும்பி வரும். அது வெளியே நழுவின புதுக் கலவையைத் திரும்ப சிலிண்டருக்குள்ள தள்ளிடும். பிஸ்டன் கதவைச் சாத்துறதுக்கு ஒரு நொடி முன்னாடி, உள்ளே தள்ளிட்டுப் போற பஸ் கண்டக்டர் மாதிரி! அந்த வயித்தை அறுத்தா சத்தம் ஏறும், இழுவை இறங்கும். மெக்கானிக் அண்ணன் இதையே நாலு வார்த்தையில சொன்னார்: ‘‘கத்துறது வேற, ஓடுறது வேற.’’

அடுத்து ஏர் ஃபில்டர். படத்துல இருக்கிற கஃபே ரேஸர்ல ஏர் பாக்ஸைக் கழட்டிட்டு, கார்ப்ரேட்டர் வாயில கூம்பு மாதிரி ஒரு குட்டி ஃபில்டர் மாட்டியிருப்பாங்க. பார்க்க ஜோர். ஆனா காத்து அதிகமா போகும், ஜெட் பழசாவே இருந்தா பெட்ரோல் அதுக்கேத்த மாதிரி போகாது. இன்ஜின் சூடு ஏறும். டூ ஸ்ட்ரோக்ல பெட்ரோலோடதான் ஆயிலும் போகுதுங்கறதை மறந்துடாதீங்க. பிஸ்டன் ஜாம் ஆகி, ஓடுற வண்டியில பின்சக்கரம் பூட்டிக்கும். பிளக்கைக் கழட்டிப் பாருங்க. டீ டிக்காஷன் நிறம்னா சரி, கன்னங்கரேல்னா பெட்ரோல் ஜாஸ்தி, வெள்ளையா இருந்தா ஆபத்து.

ஹேண்டில்பாரைத் தாழ்த்துறது சுலபம்னு நினைச்சேன். ‘கிளிப் ஆன்’னு ரெண்டு துண்டா வரும், ஃபோர்க் குழாயில கவ்வ வெச்சு இறுக்கணும், அவ்வளவுதானே? அண்ணன் ஒரு டெஸ்ட் சொன்னார். ஏற்கெனவே இப்படி மாத்தின வண்டி உங்ககிட்ட இருந்தா இன்னிக்கே பண்ணிப் பாருங்க. வண்டியை ஸ்டார்ட் பண்ணி நியூட்ரல்ல விட்டு, ஹேண்டிலை இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி வரை மெதுவா திருப்புங்க. இன்ஜின் சத்தம் தானா ஏறுதா? அப்போ ஆக்ஸிலேட்டர் கேபிள் எங்கயோ இழுபடுது. கொண்டை ஊசி வளைவுல நீங்க ஹேண்டிலைத் திருப்பினதும், வண்டி தானாவே வேகம் எடுக்கும். கட்டை விரல் டேங்க்ல நசுங்குதான்னும் பாருங்க. அதுவும் நடக்கும்.

ஃபுட்ரெஸ்ட்டைப் பின்னால நகர்த்தினா, பிரேக் பெடலும் பின்னால போகணும். பெடல் நீளம் மாறினா மிதிக்கிற பலமும் மாறும். அதே மிதி, பாதி பிரேக்! கியர் லீவரைத் திருப்பி மாட்டினா கியர் வரிசையே தலைகீழாகும். மேல தூக்கினா இறங்கும், கீழ அமுக்கினா ஏறும். பழகிடும்னு சொல்லுவாங்க. பதற்றத்துல கால் பழசைத்தான் செய்யும்.

இத்தனையும் பண்ணி வேகம் எவ்வளவு கூடும்? இன்ஜினீயரிங் படிக்கிறவன்ங்கற திமிர்ல கணக்குப் போட்டேன். காத்தைக் கிழிச்சுக்கிட்டுப் போகத் தேவைப்படுற சக்தி, வேகத்தோட மூணாம் அடுக்குல ஏறும். 80 கிலோமீட்டர்ல போற வண்டி 100-ல் போகணும்னா, காத்துக்கு மட்டுமே ஏறக்குறைய ரெண்டு மடங்கு சக்தி வேணும். 160-ல் போகணும்னா எட்டு மடங்கு. மேக்ஸ் 100-ல் இருக்கிறதே ஏழெட்டுக் குதிரை, அதுவும் வயசான குதிரை. ஹேண்டிலைத் தாழ்த்திப் படுத்துக்கிட்டா கொஞ்சம் மிச்சமாகும். அந்தக் கொஞ்சத்தை முதுகுவலியா திருப்பிக் கொடுக்கணும்.

கடைசியா வந்தது அறுவை சிகிச்சை. ஒத்தை சீட்டும் திமிலும் வேணும்னா, சேஸிஸோட பின்வாலை அறுத்துட்டு, யு வடிவத்துல வளைச்ச குழாயை வெல்டு வைக்கணும்.

‘‘அறுக்க அரை மணி நேரம் போதும் தம்பி. அப்புறம் ஒட்டினது நிக்குதா நிக்குதான்னு எத்தினி வருஷம் பார்த்துக்கிட்டு இருப்ப?’’ன்னார் அண்ணன்.

அவர் அப்படிச் சொன்னதுக்குக் காரணம் பட்டறை வாசல்லயே நின்னுச்சு. என் ஸ்கூல் ஃப்ரெண்டோட வண்டி. பேர் வேண்டாம், ‘மச்சான்’னே வெச்சுக்குவோம். பன்னிரண்டாவது முடிச்சுட்டு ஓசூர்ல கான்ட்ராக்ட் வேலைக்குப் போனவன். மாசா மாசம் மிச்சம் பிடிச்சு, செகண்ட் ஹேண்ட்ல ஒரு 100 சிசி ஃபோர் ஸ்ட்ரோக் வண்டி வாங்கி, வீடியோ பார்த்துப் பார்த்துக் கஃபே ரேஸரா மாத்தினான். எல்லாம் சேர்த்து செலவு இருபத்தி ரெண்டாயிரம். அவன் சம்பளத்துல அது எத்தனை மாசம்னு நீங்களே கணக்குப் போட்டுக்கங்க. வண்டி என்னமோ சும்மா சொல்லக்கூடாது, அசத்தல்! மேட் கறுப்பு, டேங்க்ல ரெண்டு வெள்ளைக் கோடு. ஒரு ஞாயித்துக்கிழமை பென்னாகரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் நிறுத்தினான். டீ ஆறுற வரைக்கும் நாலு பேர் சுத்திச் சுத்திப் பார்த்தாங்க. ஏஸ் கஃபே அன்னிக்கு எங்க ஊருக்கே வந்துடுச்சு.

அப்படியே ஒகேனக்கல் கிளம்பினோம். அவன் அதுல, நான் இன்னொருத்தன் ஸ்கூட்டர்ல பின்னாடி. பென்னாகரத்துல இருந்து பதினாறு கிலோமீட்டர் சொச்சம். செக்போஸ்ட் தாண்டினா காடு, காடு தாண்டினா இறக்கம், இறக்கம் பூரா வளைவு. தெரியும்தானே உங்களுக்கு? பரிசல், மீன் வறுவல்னு வந்தவங்க எல்லாரும் அந்த ரோட்டுலதான் வந்திருப்பீங்க. மூணாவது வளைவோ நாலாவது வளைவோ... ஒரு பள்ளத்துல இறங்கி ஏறினான். ‘டங்’னு ஒரு சத்தம். சீட்டு அவனோட சேர்ந்து பின்னால சாஞ்சது. பின் டயர்ல உரசி, புகை வந்து, வண்டி கோணலாப் போய் ஓரத்துக் கல்லுல முட்டி நின்னுச்சு. எதிர்ல பஸ் வரலை. அது மட்டும்தான் எங்க அதிர்ஷ்டம். ஹெல்மெட் போட்டிருந்தான், முழங்கை மட்டும் எலும்பு தெரியற அளவுக்குக் கிழிஞ்சது.

அப்புறம் அந்த உடைஞ்ச இடத்தை பட்டறையில உக்காந்து பார்த்தேன். வெல்டு உடையலை. வெல்டுக்குப் பக்கத்துல, ஒரு நூல் தள்ளி, குழாய் உடைஞ்சிருக்கு. வெல்டிங் சூட்டுல பக்கத்து இரும்போட குணம் மாறும். அதோட, வெல்டு ஓரத்துல குழாயை லேசா அரிச்சு ஒரு பள்ளம் விழுந்திருந்துச்சு. இன்ஜின் அதிர்வு ஒவ்வொரு நிமிஷமும் அந்தப் பள்ளத்தை ஆயிரக்கணக்குல அசைக்கும். கண்ணுக்குத் தெரியாத விரிசல் தினம் கொஞ்சம் வளரும். ‘ஃபெட்டீக்’னு புஸ்தகத்துல ஒரு அத்தியாயமே இருக்கு. பதிமூணு மார்க் கேள்விக்கு மனப்பாடம் பண்ணி எழுதியிருக்கேன். அது எப்படி இருக்கும்னு அன்னிக்குத்தான் பார்த்தேன். உடைஞ்ச குழாயோட முகத்துல பாதி துருவேறி இருந்துச்சு, பாதி பளபளன்னு இருந்துச்சு. துருவேறின பாதி பல நாளா உடைஞ்சே இருந்திருக்கு. மீதிப் பாதிதான் அன்னிக்கு வளைவுல உடைஞ்சது. மேல கறுப்பு பெயின்ட் இருந்ததால யாருக்கும் தெரியலை.

ஒழுங்கா செய்யறவங்க எப்படிச் செய்வாங்க? ஷாக் அப்சார்பர் மாட்டுற இடத்துக்கு முன்னால கை வைக்க மாட்டாங்க. குழாய்க்குள்ள இறுக்கமா இன்னொரு துண்டுக் குழாயைச் செருகி, ரெண்டையும் சேர்த்துத் துளை போட்டு வெல்டு வைப்பாங்க. மெல்லிசுக் குழாய்க்கு ஜன்னல் கிரில்லுக்கு வைக்கிற வெல்டிங்கை வைக்க மாட்டாங்க. மச்சான் வெல்டு வெச்சது கிரில் கேட் பட்டறையில.

கை ஆறிடுச்சு. ஆறாதது வேற. வண்டியை வித்துடலாம்னு ஆள் பிடிச்சான். வந்தவர் சேஸிஸைப் பார்த்துட்டு, ‘பேர் மாத்த முடியாதுப்பா’ன்னு போயிட்டார். அவர் சொன்னது சரிதான். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு என்ன சொல்லுதுன்னா, கம்பெனி குறிப்பிட்டதுல இருந்து மாறுபடுற மாதிரி, ஆர்.சி.யில இருக்கிற விவரத்தை மாத்துற வகையில வண்டியை மாத்தக்கூடாது. இதை வெச்சு 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டும் தெளிவா தீர்ப்பு சொல்லிடுச்சு. அதே வருஷம் சட்டத்தைத் திருத்தி, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், இல்லேன்னா ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், இல்லேன்னா ரெண்டும்னு ஆக்கிட்டாங்க. ‘ஒவ்வொரு மாற்றத்துக்கும்’ங்கறதை அடிக்கோடு போட்டுக்கங்க! சத்தத்துக்கும் அளவு இருக்கு. 80-ல் இருந்து 175 சிசி வரைக்கும் உள்ள பைக்குக்கு 77 டெசிபல். சேஸிஸ் நம்பர் அந்த அறுத்த சேஸிஸ்லதான் இருக்கு. அதைத் தூக்கிப் போட்டுட்டு வேற சேஸிஸ் மாட்டுறதும் லேசுப்பட்ட காரியம் இல்லை. இருபத்தி ரெண்டாயிரம் செலவு பண்ணி, விலையே இல்லாத வண்டியை அவன் செஞ்சு வெச்சிருக்கான்.

எனக்கு இந்தச் சட்டத்து மேல கோபமே இல்லைன்னு சொன்னா பொய். கம்பெனி ஒத்தை சீட்டு வெச்சு வித்தா ஸ்டைல், நாங்க வெச்சா குத்தமா? 2007-ல் வந்த அப்பாச்சி ஆர்டிஆர் 160-ல் தாழ்ந்த ஹேண்டிலும் பின்தள்ளின ஃபுட்ரெஸ்ட்டும் ஃபேக்டரியிலேயே வெச்சுக் கொடுத்தாங்களே! ஆனா அவங்க அந்த சேஸிஸை மேடு பள்ளத்துல ஓட்டி, உலுக்கி, உடைச்சுப் பார்த்து, சோதனை நிலையத்துல சான்று வாங்கித்தான் விக்கிறாங்க. மச்சான் வண்டிக்கு நடந்த ஒரே சோதனை ஒகேனக்கல் இறக்கம். இங்கிலாந்து மாதிரி நாடுகள்ல, ஒருத்தர் வீட்டுல கட்டின வண்டியையும் சோதிச்சுப் பார்த்து ரோட்டுக்கு அனுமதி கொடுக்க வழி இருக்கு. நம்ம ஊர்ல அப்படி ஒரு வாசல் இல்லை. பூட்டு மட்டும் இருக்கு. பட்டறையில நல்லா செய்யறவனும், கிரில் கடையில ஒட்டறவனும் சட்டத்துக்கு முன்னால ஒண்ணுதான். இதைக் கேட்கிறதுக்கு நமக்கு உரிமை இருக்குன்னுதான் நான் நினைக்கிறேன்.

கை அரிக்குதுன்னா வழியே இல்லாமலும் இல்லை. மாணவர்கள் தாங்களே வடிவமைச்சுக் கட்டின வண்டியை ஓட்டுற பாஹா, ஃபார்முலா பாரத் போட்டிகள் நடக்குது. ஃபார்முலா பாரத் நடந்த இடம் நம்ம கோயமுத்தூர் காரி ஸ்பீட்வே. அங்க வெல்டு வெச்சா நிபுணர் குழு டார்ச் அடிச்சுப் பார்த்துட்டுத்தான் உள்ளே விடும். ரேஸ்தான் ஆசைன்னா, அதே காரியில 2021-ல் கான்டினென்டல் ஜிடி 650 வண்டிகளை மட்டும் வெச்சே ஒரு பந்தயத் தொடர் ஆரம்பிச்சாங்க. இருங்காட்டுக்கோட்டை டிராக் 1990-ல் இருந்து இருக்கு. எதிர்ல பஸ் வராத இடங்கள்!

சரி, எங்க மேக்ஸ் கதைக்கு வர்றேன். வண்டி வாங்கி பதினஞ்சு வருஷம் ஆனா ஆர்.சி. புதுப்பிக்கணும், அப்புறம் அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை. 2015-லயும் 2020-லயும் அப்பா பண்ணிட்டார். 2025-ல் மூணாவது தடவை. பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால வண்டியைக் காட்டணும். அதுக்கு முன்னாடிதான் நான் சாக்கை விலக்கினதும், படத்தைக் காட்டினதும், கிளிப் ஆன் வாங்க ஆன்லைன்ல ஆர்டர் போட்டதும்.

ஒரு ராத்திரி சாப்பிடும்போது அப்பாகிட்ட லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினேன். நானே வரைஞ்ச டிசைன். அந்த நேர்கோடு, திமில், எல்லாம். அவர் சோத்துக் கையை அந்தரத்துல வெச்சுக்கிட்டுப் பார்த்தார். கோபப்படலை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

‘‘உங்க அம்மா எங்க உக்காருவா?’’

யோசிச்சுப் பாருங்க, இந்த லண்டன், இந்த ஜூக்பாக்ஸ், இந்த நூறு மைல்... எதுலயும் பின்சீட்டுல ஒரு அம்மா கிடையாது. கஃபே ரேஸர்ங்கறதே தனியாளோட வண்டி. எங்க வண்டியில பின்சக்கரத்தோரம் சாரி கார்டு இருக்கு. அசிங்கமா இருக்குன்னு என் டிசைன்ல நான் முதல்ல அழிச்சது அதைத்தான். அப்புறம் தேடிப் பார்த்தா, மத்திய மோட்டார் வாகன விதிகள்ல 123-வது விதியே அதுக்குத்தான் இருக்கு. பின்னால உக்காருறவங்களுக்குப் பிடிமானம், ஃபுட்ரெஸ்ட், பின்சக்கரத்துல பாதியையாவது மறைக்கிற தடுப்பு. சேலை சக்கரத்துல சிக்கி யார் யாரோ விழுந்த பிறகு எழுதின விதியா இருக்கணும்.

அப்புறம் ரெண்டு மாசம் நானும் மெக்கானிக் அண்ணனும் வண்டியை அறுக்கலை, கழட்டினோம். சைலன்ஸரைக் கழட்டி உள்ளே அடைச்சிருந்த கரியை எரிச்சு எடுத்தோம். கால் கிலோவுக்குக் குறையாது! போர் பண்ணி புது பிஸ்டன், ரிங் போட்டோம். கார்ப்ரேட்டர் ஜெட்டை ஊதி, ஆயில் பம்ப்பை சரி பார்த்து, ஸ்டியரிங் கோன் செட் மாத்தி, பிரேக் ஷூ புதுசு போட்டோம். டேங்க்ல பட்டி பார்த்து, ஆர்.சி.யில இருக்கிற அதே நிறத்துல பெயின்ட். முதல் நாள் ஒரே உதையில எழுந்துச்சு. பென்னாகரத்துல இருந்து தர்மபுரி வரைக்கும் முப்பது கிலோமீட்டர் நானே ஓட்டிக்கிட்டுப் போனேன். பிரேக் இன்ஸ்பெக்டர் சேஸிஸ் நம்பரைத் துடைச்சுப் பார்த்தார், இண்டிகேட்டர் போடச் சொன்னார், ஒரு சுத்து ஓட்டச் சொன்னார்.

‘‘இந்த வண்டியை இன்னும் இப்படி வெச்சிருக்கீங்களா?’’ன்னு கேட்டுட்டுக் கையெழுத்துப் போட்டார்.

கிளிப் ஆன் பார்சல் அதுக்கு அப்புறம்தான் வந்துச்சு. திருப்பி அனுப்ப மனசு வரலை, கொட்டகையில ஆணி அடிச்சு மாட்டி வெச்சிருக்கேன். மச்சான் ஓசூர்ல இருந்து லீவுக்கு வந்தா அதை எடுத்துப் பிடிச்சுப் பார்த்துட்டு, திரும்ப மாட்டிட்டுப் போறான். வண்டி வெளியே நிக்குது. இதை எழுதிக்கிட்டு இருக்கும்போது அம்மா பை எடுத்துக்கிட்டு வந்துட்டாங்க, சந்தைக்குப் போகணுமாம். வரட்டுமா?